வாவிக்கரையின் இரண்டு கடிகாரங்கள்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் நம் முன்னோர் சூரியனை வைத்தே பெயரிட்டனர். கிழக்கே, கடலோரம் எழுவான்கரை; மேற்கே, வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் சூழ்ந்தது படுவான்கரை. இரண்டிலும் பேசப்படுவது ஒரே தமிழ். குடிவழி முறையும் கண்ணகி வழிபாடும் கூத்தும் இரண்டுக்கும் பொது. ஆயினும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் இவ்விரு கரைகளின் கடிகாரங்கள் வெவ்வேறு நேரத்தைக் காட்டின என்பது இன்றைய இளைஞர் பலர் அறியாத வரலாறு.

இலங்கை 1906இல் கிறீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய நேரத்தை ஏற்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சில ஆண்டுகள் அது மாற்றப்பட்டு, 1945இல் மீண்டும் பழைய நிலைக்கு வந்தது. அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் எவரும் கடிகாரத்தில் கைவைக்கவில்லை.

1996இல் வரட்சியால் நீர்மின் உற்பத்தி வீழ்ந்தது. பகல் வெளிச்சத்தைப் பயன்படுத்தி மின்சாரத்தை மீதப்படுத்தவென அரசாங்கம் அவ்வாண்டு மே 25இல் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்தது. விடுதலைப் புலிகளோ தமது கட்டுப்பாட்டுப் பிரதேசங்களில் இம்மாற்றத்தை ஏற்கவில்லை. படுவான்கரையின் பெரும்பகுதி அப்போது அவர்களின் கையில் இருந்தது. மட்டக்களப்பு நகரும் எழுவான்கரையும் அரச கட்டுப்பாட்டில் இருந்தன.

இதனால், வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவுக்கோ, மண்முனைத் துறையில் தோணியேறிக் கொக்கட்டிச்சோலைக்கோ செல்பவர் சோதனைச் சாவடியை மட்டுமன்றி அரை மணித்தியாலத்தையும் கடக்க வேண்டியிருந்தது. ஒரு சந்திப்புக்கு நாள் குறித்தால், "பழைய நேரமா, புதிய நேரமா?" என்ற கேள்வியும் உடன் எழும். மணிக்கூட்டின் முள்ளிலும் ஓர் எல்லைக்கோடு விழுந்திருந்தது.

இயற்கையின் கணக்கு வேறு. பதினொரு கிலோமீற்றர் மேற்கே சென்றால் சூரியன் சுமார் 24 விநாடிகளே பிந்தி உதிக்கும். மட்டக்களப்பின் நெடுங்கோட்டின்படி அதன் சொந்தச் சூரிய நேரம், கிறீன்விச்சுக்கு ஏறத்தாழ ஐந்து மணி 27 நிமிடம் முந்தியது. அதாவது பழைய நேரத்துடன் மூன்று நிமிடமே வேறுபாடு. சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணும் கோயிலுக்கும், சூரியனின் நிலையைக் கொண்டு தொழுகை நேரம் கணிக்கும் பள்ளிவாசலுக்கும் இந்த அரசாணைகள் எண்ணை மாற்றினவேயன்றிப் பொழுதை மாற்றவில்லை. வயலுக்குச் செல்லும் உழவரும் வலையெடுத்து வாவிக்குச் செல்லும் மீனவரும் விடியலையே நம்பினர். அரை மணியின் சுமை, அலுவலகத்துக்கும் வைத்தியசாலைக்கும் வகுப்புக்கும் கரை கடந்து வந்தோர்மேல்தான் விழுந்தது.

இது நமக்கு மட்டும் உரிய விந்தையன்று. சீனா 1949இன் பின் நாடு முழுவதற்கும் பீஜிங் நேரத்தையே விதித்தது. மேற்குக் கோடியிலுள்ள சிஞ்சியாங்கில் ஹான் சீனர் பீஜிங் நேரத்தையும், உய்குர் மக்களில் பலர் இரண்டு மணித்தியாலம் பிந்திய உரும்சி நேரத்தையும் பின்பற்றி வந்துள்ளனர். ஒருவர் எந்த நேரத்தைச் சொல்கிறார் என்பதே அவர் யார் என்பதற்கு அடையாளமாகிவிடுகிறது. நம் வாவிக்கரையிலோ இருபுறமும் ஒரே இனத்தவர், ஒரே குடும்பத்தவர்கூட. அங்கே கடிகாரம் காட்டியது ஆளைப் பற்றியதன்று; அந்த மண்ணை ஆள்வது யார் என்பதையே.

2006 ஏப்ரல் 15இல், புத்தாண்டு முடிந்த கையோடு, அரசாங்கம் பழைய நேரத்துக்கே திரும்பியது. இரு கரைகளும் மீண்டும் ஒரே மணியைக் காட்டின. ஆனால் அதே ஆண்டின் நடுப்பகுதியில் போர் முழுமூச்சாக மூண்டது. 2007இல் படுவான்கரை அரச படையினரின் கைக்கு மாறியது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் இடம்பெயர்ந்துவிட்டன.

நேரம் வேறுபட்டிருந்த 2002இன் போர்நிறுத்தக் காலத்தில் மக்கள் ஓரளவு நிம்மதியாக வாவியைக் கடந்தனர். நேரம் ஒன்றானபின் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்தனர். 2014இல் மண்முனையில் பாலம் திறக்கப்பட்டபின் இன்று சில நிமிடங்களில் அக்கரை சேரலாம். ஆனாலும் பாடசாலை, வைத்தியசாலை, வேலைவாய்ப்பு என்று பார்த்தால் படுவான்கரை இன்னும் பின்தங்கியே நிற்கிறது. அந்த இடைவெளியைக் குறைக்கக் கடிகாரத்தைத் திருத்தினால் மட்டும் போதாது.