சோழமண்டலக் கரைக் காடுகளில் கரிமச் சேமிப்பு
சோழமண்டலக் கடற்கரையின் உலர் பசுமைமாறாக் காடுகள் மரத்திலும் மண்ணிலும் கரிமத்தைச் சேமிப்பவை ஆகும். பெரிய முதலியார்சாவடிக்கு வடக்கே, மரக்காணம் செல்லும் வழியில் உள்ள கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில்காடு இவற்றின் எச்சங்களுள் ஒன்று. இங்குள்ள வீரை, காசா முதலிய மரங்கள் குட்டையானவை. ஆயினும் மெதுவாக வளர்வதால் அவற்றின் கட்டை அடர்த்தியானது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமமாகும்.

இலையுதிர் காடுகளைப் போல இவை கோடையில் முற்றிலும் மொட்டையாவதில்லை. உதிரும் சருகு பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையின்போதே மட்குகிறது. அப்போது கரிமத்தின் ஒரு பகுதி கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் கலக்க, எஞ்சியது மண்ணில் சேர்கிறது. சருகை வாரிச் சென்றால் மண்ணுக்குரிய இப்பங்கு குறைந்துவிடும்.

காடு அழிந்த இடத்தில் மேல்மண்ணோடு அதிலுள்ள கரிமமும் மழைநீரில் அடித்துச் செல்லப்படும். 1968இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அங்கிருந்த செம்மண் மேடு பெரும்பாலும் வெறுந்தரையாகவே இருந்தது. வரப்பிட்டு மழைநீரைத் தேக்கி அங்கு மரங்கள் வளர்க்கப்பட்டன.