இல்லந் தேடி வந்த இசைநாடகங்கள்

சிற்பி மறைந்தாலும் சிலை நிற்கும்; புலவன் மறைந்தாலும் ஏடு நிற்கும். நாடகக் கலைஞனின் ஆற்றலோ திரை விழுந்தவுடன் காற்றோடு கலந்துவிடும். கண்டவர் நெஞ்சில் நிற்பது ஒன்றே எச்சம். அவர்களும் மறைந்தபின் அதுவும் இல்லை. இக்குறையைப் போக்கவல்ல கருவியாகச் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொலைக்காட்சி பரவியது. ஆயினும் அக்கருவியைக் கையில் வைத்திருந்தவர்களே தாம் படைத்தவற்றுள் பலவற்றைக் காக்கத் தவறினர். அவ்வரலாற்றை அமெரிக்க நாட்டு இசைநாடகங்களைக் கொண்டு ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம். நம் போன்ற சங்கத்தாருக்கும் அதில் பாடம் உண்டு.

நியூயார்க் மாநகரில் பிராட்வே என்னும் வீதியைச் சார்ந்த நாடகக் கொட்டகைகள் உலகப் புகழ் பெற்றவை. அங்கே 1954-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ‘பீட்டர் பான்’ என்ற இசைநாடகம் அரங்கேறியது. வளர மறுக்கும் சிறுவனின் கதை அது. மேரி மார்ட்டின் என்னும் நடிகை அச்சிறுவனாக வேடம் புனைந்து, கம்பியின் துணையால் மேடையில் பறந்து காட்டினார். கொட்டகையில் அது 152 முறை நடிக்கப்பெற்றது. அது முடிந்த சில நாட்களில், 1955 மார்ச் 7 அன்று, என்.பி.சி. நிறுவனத்தார் அந்நாடகத்தை ஏறக்குறைய முழுமையாக நேரடி ஒளிபரப்புச் செய்தனர். அதைக் கண்டோர் ஏறத்தாழ ஆறரைக் கோடிப் பேர் என மதிப்பிட்டனர். கொட்டகைக்குச் சென்று காண வசதியில்லாத குடும்பங்களின் கூடத்திற்கே நாடகம் நடந்து வந்தது எனலாம்.

இவ்வெற்றியைக் கண்ட சி.பி.எஸ். நிறுவனத்தார், ரோஜர்ஸ், ஹாமர்ஸ்டைன் என்னும் புகழ்பெற்ற இரட்டையரைக் கொண்டு, தொலைக்காட்சிக்கென்றே ‘சிண்டரெல்லா’ என்ற இசைநாடகத்தை எழுதச் செய்தனர். அப்போது பிராட்வே மேடையில் ‘மை ஃபேர் லேடி’ நாடகத்தில் நடித்துக் கொண்டிருந்த ஜூலி ஆண்ட்ரூஸ் கதாநாயகியானார். 1957 மார்ச் 31 அன்று இரவு அது நேரடியாக வண்ணத்தில் ஒளிபரப்பாயிற்று. கண்டோர் தொகை பத்துக் கோடிக்கும் மேல் என்று கணக்கிட்டனர். மேடையில் ஒரு நாடகம் பல ஆண்டுகள் ஓடினாலும் இத்தனை கண்களை எட்டுவது அரிது.

இத்தகைய நிகழ்ச்சிகள் எவ்வாறு பதிவாயின என்று அறிவது சுவையானது. அமெரிக்கா அகன்ற நாடு. கீழ்க்கரைக்கும் மேற்கரைக்கும் கடிகாரத்தில் மூன்று மணி நேர வேற்றுமை உண்டு. கொல்கத்தாவுக்கும் மும்பைக்கும் ஒரே நேரம் கொண்டு வண்டி ஓட்டும் நமக்கு இத்தொல்லை இல்லை. நியூயார்க்கில் இரவு எட்டு மணிக்கு நடப்பதை மேற்கரையார் தம் இரவு எட்டு மணிக்குக் காண வேண்டுமாயின், அதை எங்கேனும் பிடித்து வைத்தல் வேண்டும். அதற்காக, தொலைக்காட்சித் திரைக்கு எதிரே சினிமாப் படக்கருவியை நிறுத்தி, திரையில் தோன்றுவதைப் படச்சுருளில் பதிவு செய்தனர். இதற்குக் ‘கினெஸ்கோப்’ என்று பெயர். உருவம் மங்கலாகவும், பெரும்பாலும் கறுப்பு வெள்ளையாகவுமே இருக்கும். ஆயினும் அந்த மங்கல் சுருள்களே இன்று நமக்கு எஞ்சிய செல்வம். வண்ணத்தில் ஒளிபரப்பான சிண்டரெல்லாவும் இன்று கறுப்பு வெள்ளைச் சுருளாகவே வாழ்கிறது. அவ்வண்ணங்களைக் கண்டவர் அந்த ஓரிரவில் கண்டவரே.

1956-ஆம் ஆண்டு ஆம்பெக்ஸ் நிறுவனத்தார் காந்த நாடாவில் காட்சியைப் பதியும் கருவியை வெளியிட்டனர். இரண்டு அங்குல அகலமுள்ள அந்நாடாவில் உருவம் தெளிவாகப் பதிந்தது. இனி அழிவில்லை என்றே எவரும் எண்ணுவர். நடந்ததோ வேறு. நாடாவின் விலை மிகுதி. அழித்துவிட்டு மீண்டும் பயன்படுத்தும் வசதியும் அதற்கு உண்டு. ஆகவே பழைய நிகழ்ச்சியை அழித்துப் புதியதைப் பதிவதே சிக்கனம் என்று கணக்கர்கள் கருதினர்.

அவர்களை முற்றிலும் பழிப்பதற்கு நம் மனம் ஒப்பவில்லை. ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் பணிபுரியும் நாம் அவ்வழக்கத்தை நன்கு அறிவோம். ஒவ்வொரு கோப்புக்கும் இத்தனை ஆண்டுகள் என்று கெடு உண்டு. கெடு கடந்தால் அழித்துவிட வேண்டியதே. இடம் குறைவு, அலமாரி குறைவு. பிற்காலத்தில் எவர் எதைத் தேடி வருவார் என்று அழிக்கும் கைக்குத் தெரியாது. அமெரிக்க நிறுவனங்களிலும் நிகழ்ந்தது இதுவே. மீண்டும் ஒளிபரப்பினால் வருவாய் வரும் என்று கருதப்பட்டவை பிழைத்தன. 1960-இல் வண்ண நாடாவில் பதிவான பீட்டர் பான் 1963, 1966, 1973 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் காட்டப்பட்டது. ஆகவே அது காக்கப்பட்டது. ஸ்டீபன் சோண்ட்ஹைம் இசையமைத்து 1966-இல் வண்ணத்தில் ஒளிபரப்பான ‘ஈவ்னிங் பிரிம்ரோஸ்’ என்ற சிறு இசைநாடகத்தின் வண்ண மூலமோ காணாமற்போயிற்று. கறுப்பு வெள்ளைப் பிரதியே மிஞ்சியது.

அக்காலத்தில் வீட்டில் எவரும் பதிவு செய்துகொள்ள வழியில்லை. 1975-இல் பீட்டாமேக்ஸும், 1976-இல் வி.எச்.எஸ். கேசட்டும் வந்த பின்னரே அவ்வசதி பொதுமக்களுக்குப் பரவியது. அதன் பயனாகப் பழைய நிகழ்ச்சிகளுக்கும் மறுபிறவி கிட்டியது. 1960-ஆம் ஆண்டின் பீட்டர் பான் 1989-இல் புதுப்பொலிவுடன் மீண்டும் ஒளிபரப்பாகி, மறு ஆண்டு கேசட்டாக வெளிவந்தது. 1957-இன் சிண்டரெல்லா 2004-இல் டி.வி.டி. தட்டாக வந்தது, குழந்தையாகக் கண்டவர்கள் ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள் காத்திருந்தனர்! ஈவ்னிங் பிரிம்ரோஸ் 2010-இல் வெளிவந்தது.

எஞ்சியவை அனைத்தும் வெளிவந்தனவோ எனில், இல்லை. சுருள் இருந்தாலும் உரிமை ஒருவரிடம் இருப்பதில்லை. கதை எழுதியவர், பாட்டு எழுதியவர், இசையமைத்தவர், நடிகர் சங்கம், வாத்தியக்காரர் சங்கம், ஒளிபரப்பிய நிறுவனம் எனப் பலருடைய இசைவு வேண்டும். ஒளிபரப்பிய காலத்தில் வீட்டுப் பதிவு என்ற எண்ணமே இல்லாமையால், ஒப்பந்தங்களிலும் அதுபற்றிப் பேச்சில்லை. நியூயார்க் பொது நூலகத்தார் 1970 முதல் மேடை நாடகங்களை அரங்கிலேயே பதிவு செய்து காத்து வருகின்றனர். அவற்றையும் ஆய்வாளர் அங்கேயே சென்று காணலாமேயன்றி, இல்லத்திற்குக் கொண்டுவர இயலாது. காப்பதற்கு இசைந்த கலைஞர்கள், விற்பதற்கு இசையவில்லை. அதுவும் நியாயமே.

இனி நம் நிலையைச் சற்று நோக்குவோம். பிறந்த ஊரைவிட்டுப் பிழைப்பின் பொருட்டு வந்த நாம், இக்காலனியில் நம் மொழியில் நாடகம் நடத்துகிறோம். பகலெல்லாம் அலுவலகத்தில் உழைத்து, மாலையில் ஒத்திகை பார்த்து, இரவல் சேலையில் அரசியையும் அட்டை வாளில் அரசனையும் உருவாக்குகிறோம். அவற்றின் கேசட்டுகள் அன்பர் பலர் வீட்டுப் பரண்களில் பூஞ்சணம் பூத்துக் கிடக்கின்றன. அவற்றை ஓட்டும் கருவியை உலகில் கடைசியாகச் செய்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016-இல் அத்தொழிலை நிறுத்திவிட்டது. நாடா இருந்தும் பார்க்க இயலாத காலம் நெருங்குகிறது.

ஆகவே அன்பர்களிடம் நாம் வேண்டுவன மூன்று. கேசட் வைத்திருப்போர் அவற்றைக் கணினிக்கு மாற்றிப் பிரதி ஒன்றைச் சங்கத்திற்கு அளிக்க வேண்டும். ஆண்டு, நாடகத்தின் பெயர், எழுதியவர், நடித்தவர் பெயர்களைத் தெளிவாக எழுதி வைக்க வேண்டும். பெயரில்லாத பதிவு விலாசமில்லாத பார்சலை ஒக்கும். எழுதியவர், நடித்தவரின் இசைவையும் அவர்கள் இருக்கும்போதே பெற்றுவிட வேண்டும். பெரும் பொருள் படைத்த நிறுவனங்கள் சிக்கனம் கருதி இழந்ததை, சிறு சந்தாவில் நடக்கும் நம் சங்கம் அக்கறையால் காத்துவிடலாம். மேடையில் அன்று நின்ற பெரியவர்கள் சிலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்தம் குரலைப் பேரக் குழந்தைகள் கேட்க வேண்டுமாயின், பரணில் ஏறுவதற்கு இதுவே தக்க தருணம்.