ஆடுபுலி ஆட்டத்தில் வலிமையும் எண்ணிக்கையும்

வலிமையிலும் எண்ணிக்கையிலும் ஒன்றுக்கொன்று சற்றும் ஒவ்வாத இரு தரப்புகளை ஒரே பலகையில் நிறுத்தி, இரண்டுக்கும் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழச் சமமாக இருக்கும்படி விதி வகுப்பது ஆட்டக்கலையின் மிகக் கடினமான பணிகளுள் ஒன்று. சதுரங்கத்திலும் தாயக்கட்டத்திலும் எல்லாத் தரப்புக்கும் ஒரே வகைக் காய்கள் ஒரே அளவில் கிடைப்பதால், விதி வகுத்தவர் பெரிதாக மெனக்கெடாமலே நடுநிலை அமைந்துவிடுகிறது. ஆடுபுலி ஆட்டத்தில் அந்த வசதி இல்லை. ஒருவரிடம் 3 புலிகள், மற்றவரிடம் 15 ஆடுகள். புலி ஆட்டை வெட்டலாம், ஆட்டுக்கு வெட்டும் உரிமையே கிடையாது. ஆடுகள் செய்யக்கூடியதெல்லாம் கூடி நின்று புலிகளை அசையவிடாமல் அடைப்பதுதான். தமிழகத்தின் திண்ணைகளிலும் கோயில் மண்டபங்களிலும் பல தலைமுறைகளாக ஆடப்பட்டுவந்த இந்த ஆட்டத்துக்கு அந்தச் சமநிலை எப்படி வாய்த்தது என்பது, விளையாட்டு வரலாற்றில் இதுவரை பெற்றதைவிடக் கூடுதலான கவனத்துக்கு உரியது.

ஆட்டத்தின் வயதைத் துல்லியமாகக் கணிப்பது எளிதன்று. கோயில் மண்டபங்களின் கல்தளங்களில் செதுக்கப்பட்ட ஆட்டக் கட்டங்கள் தமிழகத்தில் பல இடங்களில் காணப்படுகின்றன; விஜயநகரத் தலைநகரான ஹம்பியின் இடிபாடுகளிலும் அவை மிகுதி. ஆயினும் மண்டபம் எழுந்த காலமும் அதன் தரையில் கட்டம் கீறப்பட்ட காலமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதால், கட்டத்தை மட்டும் கொண்டு ஆண்டு சொல்வதை ஆய்வாளர்கள் தவிர்ப்பதே முறை. மயிலாப்பூர் போன்ற கோயில் சார்ந்த ஊர்களில் ஆட்டத்துக்கென்றே பொழுதுகளும் இருந்தன. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காகத் தாயமும் பரமபத சோபானமும் ஆடுவது வழக்கம். மற்ற நாள்களின் பிற்பகல்களில் திண்ணையில் கரியாலோ செங்கல் துண்டாலோ கட்டம் வரைந்து, புளியங்கொட்டைகளை ஆடுகளாகவும் கூழாங்கற்களைப் புலிகளாகவும் வைத்து ஆடினார்கள்.

கட்டத்தின் அமைப்பை நெருங்கிப் பார்த்தாலொழிய ஆட்டத்தின் நுட்பம் புலப்படாது. உச்சியிலுள்ள ஒரு புள்ளியிலிருந்து நான்கு கோடுகள் விரிந்து கீழிறங்கி அடிக்கோட்டில் முடிகின்றன. அவற்றை மூன்று குறுக்குக் கோடுகள் வெட்டி இருபுறமும் வெளியே நீள, அவற்றின் முனைகளைப் பக்கத்துக்கு ஒன்றாக இரு செங்குத்துக் கோடுகள் இணைக்கின்றன. உச்சியில் 1, குறுக்குக் கோடு ஒவ்வொன்றிலும் 6, அடிக்கோட்டில் 4 என மொத்தம் 23 சந்திகள். பரவலான முறையில் ஒரு புலி உச்சியிலும் மற்ற இரண்டு அதன் கீழே நடுச் சந்திகளிலும் நிற்க, ஆட்டுக்காரர் முறைக்கு ஓர் ஆடாக இறக்குகிறார். ஒவ்வோர் ஆட்டுக்கும் பதிலாகப் புலி ஒரு சந்தி நகரலாம், அல்லது அடுத்துள்ள ஆட்டை நேர்கோட்டில் தாண்டி அதற்கப்பால் காலியாக இருக்கும் சந்தியில் இறங்கி அதை வெட்டலாம். 15 ஆடுகளும் இறங்கி முடியும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது.

வெட்டுவதற்கு ஆட்டின் பின்னால் காலியிடம் வேண்டும் என்ற இந்த ஒரே நிபந்தனையில்தான் ஆட்டுக்காரரின் வலிமையான உத்தி பிறக்கிறது. கோடுகள் முடிந்துபோகும் சந்தியில் நிற்கும் ஆட்டைத் தாண்டிப் போக இடமே இல்லை. உச்சி, அடிக்கோட்டின் இரு முனைகள், பக்கக் கோடுகள் இரண்டின் மேல்முனையும் கீழ்முனையும் ஆக 7 சந்திகள் இவ்வாறு முழுப் பாதுகாப்பானவை. பக்கக் கோட்டின் இரு முனைகளிலும் ஆடு நின்றால் அவற்றின் நடுவே வைக்கும் ஆடும் பாதுகாப்புப் பெறுகிறது, அடிக்கோட்டிலும் அப்படியே. கரையை இப்படி 10 ஆடுகளால் கட்டியபின், மூன்றாம் குறுக்குக் கோட்டின் உட்சந்திகளைப் பக்கவாட்டிலிருந்து தொடங்கி வரிசையாக நிரப்பினால், அங்கு வைக்கும் 4 ஆடுகளுக்கும் பின்னணி கிடைத்துவிடுகிறது. புலிகள் நடுவிலேயே சுற்றிக்கொண்டிருந்தால், தேர்ந்த ஆட்டுக்காரர் ஓர் ஆட்டைக்கூட இழக்காமல் மந்தை முழுவதையும் இறக்கிவிடலாம்.

ஆகவே புலிக்காரர் தொடக்கத்திலேயே கரைக்குப் போய் அந்த வரிசையைக் குலைத்தாக வேண்டும். பக்கக் கோட்டின் மேல்முனையில் புலி ஒன்று அமர்ந்துவிட்டால், கீழ்முனை காலியாக இருக்கும்வரை அவற்றின் நடுச் சந்தி ஆட்டுக்கு ஆபத்தான இடம். ஆனால் அந்த மூலைக்கு ஒரு விலை உண்டு. நடுவிலுள்ள ஒரு சந்தியில் நிற்கும் புலியை முழுதாக அடைக்க, அதன் நான்கு அண்டைச் சந்திகளையும் அவற்றுக்கு அப்பாலுள்ள நான்கையும் சேர்த்து 8 இடங்களை நிரப்ப வேண்டும். உச்சியில் நிற்கும் புலிக்கும் அதே கணக்குத்தான். மூலையில் நிற்கும் புலிக்கு 4 இடங்கள் போதும். ஆட்டுக்கு அரணாக இருக்கும் இடமே புலிக்குக் கூண்டாகிறது. ஒரே சந்தி இரு தரப்புக்கும் எதிரெதிரான மதிப்புப் பெறும் இந்த அமைப்பு, இதை முதலில் வரைந்தவர்கள் யாராயினும், அவர்களுடைய கைத்திறத்துக்குச் சான்று.

புலிக்குச் சாதகமான இன்னொரு விதி ஆட்டத்தின் பிற்பகுதியில்தான் தலைகாட்டுகிறது. ஆடுகள் அனைத்தும் இறங்கிய பின்னர் ஆட்டுக்காரர் முறை தவறாமல் ஏதேனும் ஓர் ஆட்டை நகர்த்தியாக வேண்டும்; கரையைக் கட்டிவிட்டுக் காத்திருக்க அவருக்கு அனுமதி இல்லை. 3 புலிகளும் 15 ஆடுகளும் சேர்ந்து 18 சந்திகளை நிரப்ப, எஞ்சுபவை 5 மட்டுமே. ஓர் ஆடு முன்னே நகரும்போது அது விட்டுச்சென்ற இடம் பின்னணியில் ஓட்டையாகிறது. அடுத்த முறையே பின்னுள்ள ஆடு அதை அடைக்காவிட்டால் புலி உள்ளே பாய்கிறது. வெட்டுப்படும் ஒவ்வோர் ஆடும் காலியிடத்தை ஒன்று கூட்டுவதால், முதல் இரண்டு மூன்று ஆடுகளின் இழப்பு பின்வரும் இழப்புகளைவிடக் கடுமையானது. எத்தனை ஆடுகள் வெட்டுப்பட்டால் புலி வென்றதாகக் கொள்வது என்பது ஊருக்கு ஊர் வேறுபட்டதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. கட்டத்தையும் காய்களின் தொகையையும் தொடாமல், ஆடுபவர்களின் திறமைக்கேற்ப அந்த எண்ணை மட்டும் ஏற்றி இறக்குவது, இரு தரப்பையும் சமப்படுத்த மக்கள் கண்ட மிக எளிய வழி.

பிற நாடுகள் இதே சிக்கலை வேறு வழிகளில் அணுகின. நேபாளத்தின் பாக்சால் ஆட்டத்தில் 25 சந்திகளில் 4 புலிகளும் 20 ஆடுகளும் ஆடுகின்றன; அங்கும் ஒரு புலிக்கு 5 ஆடுகள் என்ற விகிதம் மாறவில்லை. 5 ஆடுகளை வெட்டினால் புலிக்கு வெற்றி. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் லிம் யூ ஜின் 2000களில் கணினி கொண்டு செய்த ஆய்வு, இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் பாக்சால் வெற்றி தோல்வியின்றி முடியும் என்று காட்டியது. கணினி காணாத தலைமுறைகள் ஆடி ஆடியே அவ்வளவு நெருக்கமான சமநிலையை எட்டியிருப்பது வியப்புக்குரியது. ஐரோப்பாவின் நரியும் வாத்துகளும் ஆட்டத்தில், வாத்துகளின் தொகை முதலில் 13 ஆக இருந்து பின்னர் 15, 17 என உயர்ந்தது. அதோடு வாத்துகள் பின்னோக்கி நகரக் கூடாது என்பன போன்ற தடைகளும் சேர்ந்தன. இலங்கையின் சிறுத்தை ஆட்டங்களை ஹென்றி பார்க்கர் பண்டைய இலங்கை பற்றி 1909இல் வெளியிட்ட நூலில் பதிவுசெய்துள்ளார்.

இந்த மரபிலிருந்து வெகுதூரத்தில் பிறந்ததாகத் தோன்றும் ஓர் ஆட்டவகையும் இதே கேள்வியோடு மல்லாடுகிறது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையைச் சுற்றி அமர்ந்து ஒவ்வொருவரும் ஒரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று ஆடும் மாயக்கதை ஆட்டம். கதையை நடத்துபவர் எதிரிகளை இயக்குகிறார். நான்கைந்து வீரர்கள் கூடி ஒரு டிராகனைச் சூழ்ந்தால், ஒரு சுற்றில் வீரர்களுக்கு ஆளுக்கொரு முறை கிடைக்க, டிராகனுக்கு ஒன்றுதான் கிடைக்கிறது. எவ்வளவு வலிய விலங்கானாலும் அதை எண்ணிக்கை வீழ்த்திவிடுகிறது. 2014இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு, பெரும் எதிரிகள் சிலவற்றுக்கு வீரர்களின் முறைகளுக்கு இடையிலும் செயல்படும் உரிமையைக் கொடுத்து இதைச் சரிசெய்ய முயன்றது. ஆடுபுலி ஆட்டத்தில் அந்தச் சிக்கல் முளைவிடவே இடமில்லை. ஆடுகள் பதினைந்தானாலும் ஆட்டுக்காரருக்கு முறைக்கு ஒரே நகர்வு. புலிகள் மூன்றுக்கும் சேர்த்து ஒரே நகர்வு. எண்ணிக்கை இங்கே இடத்தை அடைக்கும் வலிமையாக மட்டுமே பயன்படுகிறது. மேலும், கதை நடத்துபவர் தேவைக்கேற்ப விதியை அங்கேயே வளைக்க முடியும். திண்ணையில் அத்தகைய நடுவர் எவரும் இல்லாததால் கட்டமே நடுவராக இருக்க வேண்டியிருந்தது.

திண்ணை மறைந்ததோடு சென்னையில் ஆட்டத்தின் இடமும் சுருங்கியது. 1920களில் நெடுங்குளத்தை வற்றவைத்து உருவாக்கிய தியாகராய நகரிலும், பின்னர் அடையாற்றில் எழுந்த குடியிருப்புகளிலும் வீடுகள் தெருவை ஒட்டி நிற்காமல் சுற்றுச்சுவருக்குள் பின்வாங்கின. வழிப்போக்கரும் உட்கார்ந்து ஒரு கை ஆடிவிட்டுப் போகும் பொதுத்தரை அங்கு இல்லை. மீட்பு முயற்சிகளும் இதே நகரத்தில்தான் வேர்கொண்டன. வினிதா சித்தார்த்தா 2002இல் சென்னையில் தொடங்கிய கிரீடா நிறுவனம் மரபு விளையாட்டுகளைப் பெட்டியிலிட்டு மீண்டும் கடைக்குக் கொண்டுவந்தது, வி. பாலாம்பாள் தமிழ்நாட்டு நாட்டுப்புற விளையாட்டுகளைத் தொகுத்து எழுதிய நூலை ஆழ்வார்பேட்டை எல்டாம்ஸ் சாலையிலுள்ள சி. பி. ராமசாமி அய்யர் அறக்கட்டளை வெளியிட்டது.

பெட்டிக்குள் வரும் விதித்தாள் ஏதேனும் ஒரு முறையைத் தேர்ந்தாக வேண்டும். வெற்றிக்கு இத்தனை ஆடுகள் என்று அதில் அச்சானதும், ஆடுபவர்கள் தங்களுக்குள் பேசி முடிவுசெய்துவந்த எண் நிலைபெற்றுவிடுகிறது. புதிதாகக் கற்பவர்களின் கையில் ஆடுகள் பின்னணி இல்லாமல் இறங்குவதால் புலியே வெல்கிறது, ஆட்டம் புலிக்குச் சாதகமானது என்ற தவறான எண்ணமும் பரவுகிறது. விதித்தாள் எழுதுவோர் வெட்டு எண்ணை ஆடுபவர்களின் விருப்பத்துக்கு விட்டுவிடுவதும், ஒரே அமர்வில் இருவரும் பக்கம் மாறி இருமுறை ஆடி, யார் குறைவான ஆடுகளை இழந்தார் என்று ஒப்பிட்டுப் பார்க்கும்படி சொல்வதும் பழைய முறைக்கு நெருக்கமாக இருக்கும்.