பச்சைத் தண்ணீரும் ஐந்தாண்டுப் பதிவும்

1809-ல் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டு பெங்களூருக்கு வந்தது. அதன் பின்னாலேயே வந்த தமிழ்க் குடும்பங்கள் அல்சூரைச் சுற்றிய பாளையங்களில் வேரூன்றின. படை தங்கிய தண்டுப் பகுதிக்கென்று 1868-ல் பௌரிங் ஆஸ்பத்திரி எழுந்தது.

அங்கே மருத்துவரை நம்புவது போலவே வார்டு சிஸ்டரையும் ஊர் நம்பியது. அந்த நம்பிக்கைக்குச் சட்டத்தின் பிடிமானம் மெதுவாகத்தான் கிடைத்தது. சென்னை பொது மருத்துவமனையில் 1871-லேயே செவிலியர் பயிற்சி தொடங்கியும், சென்னை மாகாணத்துச் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வர 1926 ஆகிவிட்டது. 1947-ல் இந்திய நர்சிங் கவுன்சிலுக்கான சட்டம் பிறந்தது. படித்து முடித்துப் பெயரைப் பதிந்துவிட்டால் போதும் என்ற நினைப்பு அதன் பிறகும் நெடுநாள் நீடித்தது.

அது ஏன் போதாது என்பதைப் பிரசவ அறை காட்டிவிட்டது.

பிறந்த குழந்தை அழவில்லை என்றால் முதல் நிமிடத்துக்குள் மூச்சுக் கொடுத்தாக வேண்டும். இதற்கான பயிற்சித் திட்டத்தை அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 1987-ல் வகுத்தார்கள். 1990-ல் அது இந்தியாவுக்கு வந்தது. அன்று படித்த சிஸ்டர், மூச்சில்லாத குழந்தைக்கு முழு ஆக்சிஜன் வைப்பார். நிறைமாதக் குழந்தைக்குச் சாதாரணக் காற்றிலேயே தொடங்கலாம் என்று 2010-ல் நெறிமுறை மாறியது. பனிக்குட நீர் பச்சையாகக் கலங்கியிருந்து குழந்தையும் துவண்டிருந்தால், முதலில் மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு உறிஞ்சுவது வழக்கம். 2015-ல் அதையும் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றார்கள். உறிஞ்சுவதில் போகும் நொடிகளில் குழந்தைக்கு மூச்சு கொடுப்பது தள்ளிப்போகிறது. இதயத்துடிப்பு எழாவிட்டால் மார்பில் மூன்று அழுத்தம், ஒரு மூச்சு. நிமிடத்துக்குத் தொண்ணூறு அழுத்தம், முப்பது மூச்சு. கை பழகியிருந்தால்தான் இந்தக் கணக்கு தப்பாது.

பதிவைப் புதுப்பிக்க ஐந்தாண்டுக்கு 150 மணி நேரத் தொடர்கல்வி என்று நர்சிங் கவுன்சில் அளவு வைத்ததன் நியாயம் இதுதான். ஆனால் அந்த மணிநேரம் அரங்கில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்குவதோடு முடிந்துவிடக் கூடாது. குழந்தைகள் வார்டு சிஸ்டருக்கு வேண்டியது பயிற்சிப் பொம்மையும், மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக்கும், தவறைத் திருத்த பக்கத்தில் ஒரு மூத்த சிஸ்டரும். 2023-ல் அந்த 1947 சட்டத்தின் இடத்தில் தேசிய செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. அதன்படி விதிகள் வகுப்பவர்கள், இந்தப் பயிற்சியை வார விடுமுறையில் தள்ளாமல் டியூட்டி நேரத்திலேயே வைக்கட்டும்.