சமாதான முத்தம்

கூட்டு வழிபாட்டில் கிறிஸ்தவர்கள் ஒருவருக்கொருவர் சமாதானம் கூறும்போது செய்யும் சைகை. தொடக்கத்தில் இது முத்தமாகவே இருந்தது. இன்று பெரும்பாலான சபைகளில் கைகுலுக்கல், கைகூப்பு, தலைவணக்கம் என்று மாறிவிட்டது.

ரோமருக்கும் கொரிந்தியருக்கும் எழுதிய கடிதங்களின் முடிவில், பரிசுத்த முத்தத்தால் வாழ்த்திக்கொள்ளும்படி பவுல் கேட்கிறார். ரோமில் வாழ்ந்த ஜஸ்டின் ஏறத்தாழ கி.பி. 155இல் தரும் விவரிப்பில், மன்றாட்டு முடிந்ததும் முத்தம், அதன்பிறகே அப்பமும் ரசமும். குடும்பத்தாருக்குள் வழங்கிய ஒன்றை அந்நியர்கள் பரிமாறிக்கொண்டதால் சங்கடங்களும் வந்தன. கோவிலே எதிரொலிக்கும்படி முத்தமிடுவோரை அலெக்சாந்திரியாவின் கிளமென்ட் கடிந்துகொண்டார். நோன்பைக் காரணம் காட்டி முத்தத்தைத் தவிர்த்தவர்கள்மீது ஆரம்பகாலக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியனுக்குக் கோபம். விரைவிலேயே ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று வரம்பு கட்டினார்கள்.

காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும் என்ற மத்தேயு நற்செய்தியின் போதனைப்படி, கீழைச் சபைகள் இதைக் காணிக்கைக்கு முன் வைத்தன. ரோமிலோ நற்கருணை மன்றாட்டுக்குப் பின். அதுவே சரி என்று 416இல் திருத்தந்தை முதலாம் இன்னொசென்ட் கடிதமே எழுதினார்.

13ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவில் ஆளுக்கு ஆள் முத்தமிடுவது மறைந்து, சிலுவைக் காட்சி பொறித்த சிறு பலகை ஒன்று வரிசையாகச் சுற்றி வந்தது. அதை முதலில் முத்தமிடுவது யார் என்று ஊர்ப் பெரியவர்கள் சண்டையிட்டதுதான் வேடிக்கை. சமாதானப் பலகையை முன்னிட்டே சச்சரவு! சீர்திருத்தச் சபைகள் இதைக் கைவிட்டன. 1552ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் முத்தமும் இல்லை, சமாதான வாழ்த்தும் இல்லை.

மறுவாழ்வு தென்னிந்தியாவிலிருந்து வந்தது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடம், பீடத்தில் தொடங்கிக் கைமாற்றிச் சமாதானம் வழங்கும் பழைய வழக்கம் நிலைத்திருந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன் உள்ளிட்ட மிஷனரி வழிச் சபைகள் இணைந்து சென்னையில் உருவான தென்னிந்தியத் திருச்சபை, 1950இல் வகுத்த திருவிருந்து ஒழுங்கில் அதை எடுத்துக்கொண்டது. வழங்குபவர் தம் வலது உள்ளங்கையைப் பெறுபவரின் வலது உள்ளங்கையோடு சேர்ப்பார். இருவரும் இடக்கையால் மற்றவரின் வலக்கையை மூடிக்கொள்வார்கள். பின்னாளில் பிற நாடுகளின் ஆங்கிலிக்கன் சபைகள் தங்கள் வழிபாட்டைத் திருத்தியபோது இந்த ஒழுங்கை முன்மாதிரியாகப் பார்த்தன. மிஷனரிகளிடம் கற்றவர்கள் அவர்களுடைய தாய்ச் சபைக்கே திருப்பிக் கற்றுக்கொடுத்த அரிய நிகழ்வு இது.

கத்தோலிக்கத் திருப்பலியில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் இச்சைகை பொதுமக்களிடம் திரும்பியது; அதன் வடிவத்தை அந்தந்த நாட்டு ஆயர் பேரவைகளே முடிவு செய்யலாம். இந்திய ஆயர்கள் கேட்டு, 1969 ஏப்ரலில் ரோம் ஒப்புக்கொண்ட பன்னிரண்டு மாற்றங்களில், முத்தத்துக்குப் பதிலாகக் கைகூப்புவதும் ஒன்று. இடத்தைவிட்டு எழுந்து கோவில் முழுவதும் சுற்றிவருவதைத் தவிர்க்கும்படி 2014இல் வத்திக்கான் கேட்டுக்கொண்டது. 2020இல் கொரோனா பரவியபோது உலகெங்கும் கைகுலுக்கல் நின்றது. கைகூப்பிப் பழகிய சபைகளுக்கு மாற்று தேடும் வேலை இருக்கவில்லை.