‘ஆளுக்கு’ என்பதும் ‘ஒருவருக்கொருவர்’ என்பதும்

ஒரு பாஷையைக் கற்கப் புகுவோர் பெயர்ச்சொற்களையும் வினைச்சொற்களையும் பெரிதாக மதித்து மனப்பாடம் செய்கின்றனர். அவற்றுக்கிடையே நிற்கும் சிறு சொற்களை அலட்சியமாக விட்டுவிடுகின்றனர். ஆனால் கூலி எவ்வளவு, யாருக்கு யார் கடமைப்பட்டவர் என்பன போன்ற விஷயங்கள் அச்சிறு சொற்களாலேயே தீர்மானமாகின்றன. ஆங்கிலத்தில் ‘ஈச்’ என்றும் ‘ஈச் அதர்’ என்றும் வழங்குபவை அத்தகைய சொற்களாகும். முன்னதைத் தமிழில் ‘ஆளுக்கு’, ‘ஒவ்வொருவரும்’ என்கிறோம். பின்னதை ‘ஒருவரையொருவர்’, ‘ஒருவருக்கொருவர்’ என்கிறோம். இவை வினைகளோடு சேரும் முறையையும், கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் சரித்திரத்தில் இவை செய்த வேலையையும் இங்கு சிறிது ஆராய்வோம்.

ஆங்கிலத்தில் ‘ஈச் அதர்’ என்பது ஆதியில் ஒரே சொல்லாக இருக்கவில்லை. ‘ஈச்’ எழுவாயாகவும் ‘அதர்’ செயப்படுபொருளாகவும் தனித்தனியே நின்றன. அதாவது, ‘ஒவ்வொருவரும் மற்றவரை நேசித்தனர்’ என்னும் பாங்கில் வாக்கியம் அமைந்திருந்தது. பல நூற்றாண்டுகளில் இரண்டும் ஒட்டி ஒன்றாகி, இன்று வினைக்குப் பின்னால் ஒரே தொகுதியாக வந்து நிற்கின்றன. தமிழிலோ அப்பழைய அமைப்பு அழியாமலிருக்கிறது. ‘ஒருவரை ஒருவர் நேசித்தனர்’ என்னும்போது, நேசிப்பவர் யார், நேசிக்கப்படுபவர் யார் என்பதை வேற்றுமையுருபு காட்டிவிடுகிறது. ‘ஒருவருக்கொருவர் உதவினர்’, ‘ஒருவரோடொருவர் பேசினர்’ என வினைக்கேற்றவாறு உருபும் மாறுகிறது.

‘ஈச் அதர்’ இருவருக்கே உரியது, ‘ஒன் அனதர்’ மூவர் முதலான பலருக்கே உரியது என்று பள்ளிக்கூடங்களில் ஒரு விதி கற்பிக்கப்படுவதுண்டு. நல்ல ஆங்கில ஆசிரியர்கள் எழுதியவற்றைப் பார்த்தால் இவ்விதி நிற்பதில்லை. 1926இல் ஆங்கில வழக்கைப் பற்றி அகராதி எழுதிய பவுலர் என்பவரும், இவ்வேற்றுமையால் பயனுமில்லை, பழைய வழக்கில் அதற்கு ஆதாரமுமில்லை என்று முடிவு கூறினார். விதியைக் காட்டிலும் வழக்கே பெரிது என்பதற்கு இது நல்ல உதாரணமாகும்.

உண்மையில் மாணவர் கவனிக்க வேண்டியது வேறு. ஆங்கில வினைகளிற் சில, பரஸ்பரக் கருத்தைத் தம்முள்ளேயே வைத்திருக்கின்றன. சந்தித்தல், சண்டையிடுதல், மணத்தல், கைகுலுக்குதல் முதலியவற்றுக்குரிய ஆங்கில வினைகளுடன் ‘ஈச் அதர்’ சேர்க்காவிடினும் பொருள் விளங்கும். உதவுதல், நம்புதல், குறை கூறுதல் முதலியவை அப்படியல்ல. ‘அவர்கள் உதவினார்கள்’ என்று மட்டும் எழுதினால், வேறு யாருக்கோ உதவினார்கள் என்றே ஆங்கிலேயன் கொள்வான்.

தமிழில் இந்த வேலையை ஓரளவு ‘கொள்’ என்னும் துணைவினை செய்கிறது. ஆயினும் அதற்கு இரு முகங்கள் உண்டு. ‘அடித்துக்கொண்டார்கள்’ என்றால் சண்டையாகவும் இருக்கலாம். இழவு வீட்டில் மார்பில் அடித்துக்கொண்டதாகவும் இருக்கலாம். இதனால் நம் மாணவர், ‘ஈச் அதர்’ வரவேண்டிய இடத்தில் ‘தங்களையே’ என்று பொருள்படும் ‘தெம்செல்வ்ஸ்’ என்பதை எழுதிவிடுவதுண்டு. ‘குத்திக்கொண்டார்கள்’ என்பதை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது இத்தவறு நேர்ந்தால், இருவர் சண்டை இரண்டு தற்கொலை முயற்சிகளாக மாறிவிடும். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பவருக்கு இது வெறும் இலக்கண விஷயமாகுமா?

இனி, பங்கிட்டுக் கூறும் சொற்களைப் பார்ப்போம். ‘நால்வர் நான்கு மூட்டை தூக்கினர்’ என்றால், நால்வரும் சேர்ந்து நான்கா, ஆளுக்கு நான்கா என்பது விளங்காது. ‘நன்னான்கு மூட்டை’ என்றால் பதினாறு என்பது உடனே விளங்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், எண்ணுப்பெயர்கள் இவ்வாறு இரட்டிக்கும் முறைக்கு விதி வகுத்திருக்கிறார். ஒவ்வொன்று, இவ்விரண்டு, மும்மூன்று, ஐயைந்து, பப்பத்து என்பன அவ்விதியால் அமைபவை. ஒன்பது மாத்திரம் அவ்விதிக்குப் புறம்பானது. ஆங்கிலத்தில் இதே வேலையை ‘ஈச்’ என்னும் ஒரு சொல் செய்கிறது. அது வாக்கியத்தின் முதலில் எழுவாயாக நின்றால் வினை ஒருமையாகும். ‘அவர்கள்’ என்பதன் பின் நின்றால் வினை பன்மையாகும். தொகையின் பின் நின்றால் அத்தொகையை ஆளுக்காளாகப் பிரிக்கும். அச்சொல்லை விட்டுவிட்டால், ‘தொழிலாளருக்கு ஐம்பது வெள்ளி’ என்பது அனைவருக்கும் சேர்த்தா, தலைக்கா என்று வாதாட இடமுண்டாகிறது.

இந்த வாதம் நம்மவருக்குப் புதிதன்று. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கமாக ரயில் பாதை திறக்கப்பட்டது. அதன் பின்னர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே சிப்பந்திகளின் குடியிருப்பாக வளர்ந்தது. ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத் தமிழர் பலர் அங்கே குமாஸ்தாக்களாக அமர்ந்தனர். கிள்ளான் பக்கத்துக் கித்தாத் தோட்டங்களிலோ, ஆங்கிலமறியாத தமிழ்த் தொழிலாளர் லயன்களில் வாழ்ந்தனர். சட்டமும் கணக்கும் ஆங்கிலத்தில் இருந்தன. உழைப்பவரின் பேச்சு தமிழில் இருந்தது. இடையே நின்ற கிராணியும் கங்காணியும் சொன்னதே தொழிலாளிக்குச் சட்டமாயிற்று.

அக்கணக்கு முழுவதும் ‘ஆளுக்கு’ என்னும் சொல்லின்மேல் கட்டப்பட்டது. தொழிலாளரைச் சேர்த்துக் கொண்டுவந்த கங்காணிக்கு ஆளுக்கு இவ்வளவு என்று தரகு கிடைத்தது. தினந்தோறும் வேலைக்கு வந்த ஆட்களை எண்ணி அவனுக்குத் தலைக்காசும் கொடுக்கப்பட்டது. 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதிக்கு முதலாளிகள் செலுத்திய வரியும், தொழிலாளர் வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டே விதிக்கப்பட்டது. 1920களின் இறுதியில், போக்குவரத்து எளிதான பகுதிகளுக்கு ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று சர்க்கார் கூலி நிர்ணயித்தனர். ‘ஆளுக்கு’ என்பது எல்லோரையும் சமமாக்கும் சொல்போலத் தோன்றினும், பெண் முழு ஆளாக எண்ணப்படவில்லை என்பதை அந்தப் பத்துக் காசு வித்தியாசம் காட்டுகிறது.

இவ்வாறு தனித்தனியாக எண்ணப்பட்டவர்கள் தங்களுக்குள் உறவு பூண்டு நின்றதே 1941ஆம் வருஷத்துக் கிள்ளான் வேலைநிறுத்தத்தின் விசேஷமாகும். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் முன்னணியில் ஆர். எச். நாதன் நின்றார். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, குழந்தைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், சங்கம் அமைக்க உரிமை ஆகியவை கேட்கப்பட்டன. துரைமாரின் முன் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்னும் கட்டாயத்தை நீக்கவேண்டுமென்பதும் அக்கோரிக்கைகளில் ஒன்று. ஒருவன் இறங்குகிறான், மற்றவன் இறங்குவதில்லை. இதில் ‘ஒருவருக்கொருவர்’ என்பதற்கு இடமேது? ‘மரியாதை கொடுத்து மரியாதை வாங்கு’ என்னும் நம் பழமொழியையே அத்தொழிலாளர் கேட்டனர் எனலாம். அவ்வருஷம் மே மாதத்தில் நாதன் கைதுசெய்யப்பட்டு, பின் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசர நிலை பிரகடனமாயிற்று. பட்டாளம் சுட்டதில் தொழிலாளர் சிலர் மாண்டனர். கூலி தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கப்பட்டதாயினும், தண்டனை அனைவருக்கும் பொதுவாயிற்று.

‘ஆளுக்கு’ என்னும் சொல்லை நம்மவர் தமக்கே உரியதாக்கிக்கொண்ட காலமும் வந்தது. ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியபோது, வீடும் வேலையும் இழக்கும் நிலையிலிருந்த தொழிலாளருக்காக, 1960இல் துன் வீ. தி. சம்பந்தனின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ஆளுக்குச் சிறிது சிறிதாகப் பணம் போட்டு, அனைவரும் சேர்ந்து தோட்டங்களையே வாங்கினர். முன்னே கங்காணியின் பைக்குப் போன தலைக்காசு எங்கே, இந்தத் தலைக்காசு எங்கே! பங்கிடும் சொல்லும் பரஸ்பரச் சொல்லும் இங்கே ஒன்றுக்கொன்று துணையாயின.

குடும்ப வாழ்விலும் இவ்விலக்கணத்துக்கு இடமுண்டு. நம் மக்கள் ‘பெண் கொடுத்தார்கள்’, ‘பெண் எடுத்தார்கள்’ என்றே திருமணத்தைப் பேசி வந்தனர். இவ்விரு வினைகளிலும் பெண் செயப்படுபொருளாக இருக்கிறாளேயன்றி, எழுவாயாக இல்லை. தமிழ்நாட்டில் 1967இல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் அளித்த திருத்தமோ, மணமக்கள் ஒருவரையொருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்பதாகக் கூறுவதையும் திருமணத்தை நிறைவேற்றும் முறைகளில் ஒன்றாக வைத்தது. அச்சட்டத்தின் ஆங்கில வாசகத்திலும் ‘ஈச்’ என்பது எழுவாயாகவும் ‘அதர்’ என்பது செயப்படுபொருளாகவும் பிரிந்தே நிற்கின்றன. பழைய ஆங்கிலத்தின் அமைப்பு, பெண்ணையும் எழுவாயாக்கும் பொருட்டு அங்கே மீண்டது போலும்.

ஆகவே, தோட்டத்திலும் பட்டணத்திலும் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் தமிழும் போதிப்போர் இச்சிறு சொற்களை ஒரு மூலையில் தள்ளிவிடலாகாது. ஒப்பந்தத்திலோ சங்க விதியிலோ கையொப்பமிடுமுன் நாம் இரண்டு கேள்விகள் கேட்கவேண்டும். இத்தொகை ஆளுக்கா, அனைவருக்கும் சேர்த்தா? இக்கடமை ஒரு பக்கமா, ஒருவருக்கொருவரா? நம் பாட்டனாரும் பாட்டிமாரும் இக்கேள்விகளைக் கேட்கவும் வழியின்றி ரேகை பதித்தார்கள். எழுதப்படிக்கத் தெரிந்த நாம் அவற்றைக் கேளாமல் கையொப்பமிடுவது நியாயமாகாது.