பழைய தமிழ்க் கோப்புகளின் மீட்பு

பழைய தமிழ்க் கோப்புகளின் மீட்பு என்பது, முந்தைய இயங்குதளம் ஒன்றில் தட்டெழுதிக் காப்பு நகலாக வைக்கப்பட்ட தமிழ்க் கோப்புகளைப் புதிய இயங்குதளம் கொண்ட கணினியில் மீண்டும் படிக்கத்தக்கனவாக ஆக்கும் செயற்பாடு ஆகும். இதில் இரண்டு படிகள் உள்ளன. காப்பு நகலிலிருந்து கோப்புகளைப் பிரித்தெடுத்தல் முதற்படி; அவற்றின் குறியேற்றத்தை ஒருங்குறிக்கு மாற்றுதல் இரண்டாம் படி. ஆங்கிலக் கோப்புகளுக்குப் பெரும்பாலும் முதற்படியே போதுமானது. 1990களில் உருவான தமிழ்க் கோப்புகளுக்கு இரண்டும் தேவை. ஒரு பைட்டும் குறையாமல் கோப்பு மீண்ட பின்னரும் அதிலுள்ள எழுத்துகள் மீளாமல் இருக்கக்கூடும்.

பின்னணி

கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கின்றது. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்னும் ஏற்பாடு குறியேற்றம் எனப்படும். 1991 ஆம் ஆண்டில் வெளியான ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. எனினும் விண்டோசு இயங்குதளங்களில் தமிழ் ஒருங்குறிக்கான ஆதரவு விண்டோசு 2000 பதிப்பிலேயே கிடைத்தது. அதற்கு முன்னர் 256 இடங்களுக்குள் தமிழ் வடிவங்களை அடுக்கிய எட்டு பிட்டு எழுத்துருக்களே பயன்பட்டன.

இவற்றுள் பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழ் வடிவங்களைக் கொண்டது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் தோன்றும். திஸ்கி குறியேற்றம் ஆங்கிலத்தை அதன் இடத்திலேயே விட்டு, 128க்கு மேற்பட்ட இடங்களில் தமிழை வைத்தது. சென்னையில் 1999 ஆம் ஆண்டு பெப்ரவரியில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து, டாம், டாப் ஆகிய குறியேற்றங்களைத் தமிழ்நாடு அரசு தரப்படுத்தியது. 2010 ஆம் ஆண்டில் அவ்வரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. 1998 ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டமும் திஸ்கியில் வெளியிட்ட மின்னூல்களைப் பின்னர் ஒருங்குறியிலும் வெளியிட்டது.

கோப்புகளைப் பிரித்தெடுத்தல்

காப்பு நிரல்கள் பல கோப்புகளை ஒரே பொதியாகச் சேமிப்பதால், பொதியைத் திறக்க உரிய நிரல் வேண்டும். விண்டோசு எக்ஸ்பியில் இருந்த என்டிபேக்கப் நிரல் பிகேஎஃப் வகைப் பொதிகளை உருவாக்கியது. அடுத்து வந்த விண்டோசு விஸ்டாவில் அந்நிரல் நீக்கப்பட்டது. பழைய பொதிகளைப் பிரிப்பதற்கு மட்டுமான தனிநிரலை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. பிரிக்கும்போது கோப்புகளைப் பழைய இடத்திலேயே இடாமல் புதிய கோப்புறை ஒன்றில் இடுவது வழக்கம். இல்லையெனில் அதே பெயருள்ள அண்மைக் கோப்புகள் அழியக்கூடும்.

குறியேற்ற மாற்றம்

பழைய எழுத்துருவைப் புதிய கணினியில் நிறுவினால் கோப்பைப் படிக்க இயலும். ஆனால் ஒருங்குறியில் தட்டெழுதிய சொல்லைக் கொண்டு அதில் தேட இயலாது. எனவே மாற்றம் தேவைப்படுகின்றது. எண்ணுக்கு எண் மாற்றினால் மட்டும் போதாது. தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள பாஞ்சாலங்குறிச்சியின் வரலாற்றைக் கூறும் கட்டுரை ஒன்றை எடுத்துக்கொண்டால் பின்வரும் சிக்கல்கள் தோன்றும்.

நீளம்: 'பாஞ்சாலங்குறிச்சி' என்ற பெயர் திஸ்கியில் 13 பைட்டுகள் கொண்டது. அதில் ஞ், ங், ச், கு ஆகியவை தனித்தனிக் குறிகள். ஒருங்குறியில் இவை ஒவ்வொன்றும் இரு குறிகளாவதால் பெயர் 17 குறிகள் ஆகும். யுடிஎஃப்-8 வடிவில் அது 51 பைட்டுகள்.

வரிசை: 'கட்டபொம்மன்' என்பதிலுள்ள 'பொ', திஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் முறைப்படி ஒற்றைக்கொம்பு, பகரம், கால் என மூன்று குறிகளாக இருக்கும். ஒருங்குறியில் மெய்க்குப் பின்னரே உயிர்க்குறி வரும். ஆகவே மாற்றி நிரல் வரிசையைத் திருப்ப வேண்டும்.

ளகரம்: பாமினியில் ஔகாரக் குறியின் பிற்பகுதியும் ளகரமும் ஒரே இடத்தைப் பகிர்கின்றன. கவனமற்ற நிரல் 'வெள்ளையத்தேவன்' என்பதை 'வௌ்ளையத்தேவன்' என மாற்றிவிடும்.

கால்: தட்டச்சு முறையில் பழகியோர் ரகர மெய்க்குக் காலின் மேல் புள்ளி வைப்பதுண்டு. அவ்வாறு எழுதிய 'திருச்செந்தூர்', மாற்றிய பின் 'திருச்செந்தூா்' ஆகும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும் கணினித் தேடலில் அகப்படா.

மாற்றிகள்

திஸ்கி, பாமினி முதலியவற்றை மாற்றச் சுரதாவின் பொங்குதமிழ், என்எச்எம் மாற்றி போன்ற கருவிகள் உருவாக்கப்பட்டன. லினக்சு கணினிகளில் குனூ சி நூலகத்துடன் வரும் ஐகான்வி நிரலும் திஸ்கியை அறியும்.

மீளா இழப்பு

காப்பு நகல் பழுதடைவதால் மட்டுமன்றி, மீட்பின்போது நிகழும் ஒரு சேமிப்பினாலும் இழப்பு ஏற்படக்கூடும். திஸ்கி, டாம், டாப் கோப்பு ஒன்றைப் புதிய உரைத்தொகுப்பி யுடிஎஃப்-8 எனக் கருதித் திறந்தால், அறியாத பைட்டுகளுக்குப் பதிலாகக் கேள்விக்குறி கொண்ட சாய்சதுரம் தோன்றும். மூடிவிட்டால் தீங்கில்லை. சேமித்தால் வெவ்வேறு எழுத்துகளுக்குரிய பைட்டுகள் அனைத்தும் அந்த ஒரே குறியாகிவிடும். எந்த மாற்றியாலும் அவற்றைப் பின்னர் பிரித்தறிய இயலாது.

இதனால் மூலக் கோப்பைப் படிக்க மட்டும் என அமைத்து, படியொன்றிலேயே மாற்றம் செய்யப்படுகின்றது. மாற்றிய பின்னரும் மூலக் கோப்பு பாதுகாக்கப்படுகின்றது. மாற்றியில் இன்று காணப்படாத பிழை பின்னர் தெரியவந்தால், அதிலிருந்தே மீண்டும் தொடங்க முடியும். எழுத்துருக் கோப்பும் குறியேற்றத்தின் பெயரும் மூலத்துடன் சேர்த்து வைக்கப்பட வேண்டியவை. இவையின்றி எஞ்சும் காப்பு நகல் எண்களை மட்டுமே காக்கும்.